ஸ்டூல் மேல் உட்கார்ந்த பெட்டி

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். எதிரணிக்கு வணக்கம் பிறகு. முதலில் ஒரு கணக்குத் தீர்க்க வேண்டும்.

'எளியவரைக் காப்பது மனசாட்சியா, சட்டமா?' சட்டமே என்று பேச வந்திருக்கிறேன். இந்துக் குடும்பங்களில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு 1989-இல் தமிழ்நாட்டிலும், 2005-இல் நாடு முழுவதும் கிடைத்தது சட்டத்தால். அண்ணன்மாரின் மனசாட்சி திடீரென்று விழித்துக்கொண்டதால் அல்ல! இதைத்தான் விரிவாகத் தயாரித்து வந்தேன். எதிரணிப் பேராசிரியர் சீண்டிவிட்டார்.

'2021-இல் தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை வந்தது. ஸ்டூலும் வந்தது. அதில் உட்கார்ந்திருப்பது யார்? பட்டுப்புடவைப் பெட்டி!' என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன்.

அந்தப் பெட்டியை எனக்குத் தெரியும், ஐயா.

சட்டம் வருவதற்கு முன்பு ஒரு தீபாவளிக்கு ஜவுளிக்கடைக்குப் போனோம். என் மனைவிக்கு நாற்காலி. எனக்கு நாற்காலி. நான் தூக்கி வந்த பைக்கு ஒரு நாற்காலி. புடவைக்கு மெத்தை! நாற்பதாவது புடவையை விரித்த பெண் மட்டும் நின்றார். 'இதே நிறத்தில் கரை சின்னதாக' என்றார் மனைவி. நாற்பத்தொன்று. 'கரை சரி, நிறம்தான்...' நாற்பத்திரண்டு. கடைசியில் பிடித்தது மூன்றாவதாகப் பார்த்தது. அதைத் தேட இன்னும் அரை மணி நேரம். அந்தப் பெண் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். கொக்கு ஒற்றைக் காலில் நின்றால் மீனாவது கிடைக்கும்!

சட்டம் வந்த பிறகு அதே கடைக்குப் போனேன். ஸ்டூல் இருந்தது. மேலே பெட்டியும் இருந்தது. பேராசிரியர் சொன்னது உண்மைதான். ஆனால் அவர் அதைப் பார்த்ததும் கிளம்பிவிட்டார். நான் மனைவியோடு போனவன், கிளம்ப முடியுமா? மத்தியானம் மூன்று மணி, கூட்டம் இல்லை. அந்தப் பெண் பெட்டியை இறக்கிக் கீழே வைத்தார். உட்கார்ந்தார். மேற்பார்வையாளர் பார்த்தார். தொண்டையைச் செருமினார். போய்விட்டார். அந்தச் செருமல் வசவாக மாறாமல் தடுத்தது எது? உட்காரும் உரிமை தந்த சட்டத்தின் 22-ஏ பிரிவு, ஐயா!

என் அக்கா ஒரு ஜவுளிக்கடையில் பதினோரு வருடம் நின்றாள். முதலாளி நல்லவர். அவள் கல்யாணத்துக்கு வந்து தாராளமாக மொய் எழுதினார். மனசாட்சி உள்ளவர்தான். ஒரு ஸ்டூல் போட அவருக்குத் தோன்றவில்லை. இரவு பத்து மணிக்கு அக்கா வருவாள். அம்மா உப்புப் போட்ட வெந்நீர் வைப்பாள். சின்னப் பையனான நான் அக்காவின் கணுக்காலில் விரலை அழுத்தி விளையாடுவேன். குழி விழும். அது நிரம்பும் வரை எண்ணுவேன். ஒரு நாள் பன்னிரண்டு வரை எண்ணிவிட்டு, 'அக்கா, பன்னிரண்டு!' என்று நிமிர்ந்தேன். அவள் காலைத் தண்ணீரில் வைத்தபடியே தூங்கிப் போயிருந்தாள்.

நடுவர் மணி அடித்துவிட்டார். உட்காருகிறேன்.