கர்ண மோட்சம் காமெடியா, சோகமா?

கேக்குதா? பின்னாடி ஹார்மோனியத்துல சுதி பாத்துட்டிருக்காங்க, அதான் சத்தமா பேசறேன். பென்னாகரம் பக்கத்துல ஒரு ஊரு, திரௌபதியம்மன் கோயில் திடல். மணி 10:30. இன்னைக்கு ராத்திரி கர்ண மோட்சம் தெருக்கூத்து.

கூட வந்த தம்பி சென்னைல படிக்கிறவன். வண்டில வரும்போது கேட்டான், "அண்ணா, இது என்ன ஜானர்?" எனக்குப் பதில் வரல. கர்ணன் சாகப் போறான்னு ஊருக்கே தெரியும். ஆனா பொண்டாட்டி பொன்னுருவிகிட்ட அவன் விடை கேட்டு நிக்கிற நேரத்துலதான் கட்டியக்காரன், அதான் கூத்துல வர்ற கோமாளி, நடுவுல பூந்து ஒரு நக்கல் அடிப்பான். அழுதுட்டிருந்த பொம்பளைங்க முந்தானையால வாயப் பொத்திட்டுச் சிரிப்பாங்க. அடுத்த பாட்டுக்கு மறுபடி அழுவாங்க. இத எந்த ரேக்குல அடுக்கறது? இதோ, முன்னாடி பாய் விரிச்சிருக்கற பாட்டி, "சண்டை வந்தா எழுப்புடா"னு பேரன்கிட்ட சொல்லிட்டுத் தூங்கிருச்சு. அதுக்கு இது சண்டைக் கூத்து, அவ்ளோதான்.

லேபிளே வேணாம்னு சொல்லலீங்க. 2024ல இருந்து சினிமாவுக்கு யுஏ 7+, 13+, 16+னு பிரிச்சுப் போடறாங்களே, புள்ளைங்கள கூட்டிட்டுப் போறவங்களுக்கு அது வேணும். என் கடுப்பு வேற.

போன வருஷம் தர்மபுரி புத்தகத் திருவிழால ஒரு நாவல் வாங்கினேன். அட்டைல பெருசா 'க்ரைம் த்ரில்லர்'. 80 பக்கம் கொலைகாரன தேடிட்டே படிச்சேன். கொலை ஒண்ணு நடக்குது, இல்லேங்கல, ஆனா சும்மா ஓரமா. மத்தபடி பொண்டாட்டி செத்து, வீட்ல தனியா கெடக்கற ஒரு ரிட்டயர்டு மனுசன் கதை. ஏமாத்திட்டாங்கன்னு மூடி வெச்சுட்டேன். நாலு மாசம் கழிச்சு, கரண்ட் போன ஒரு மழை நாள்ல திரும்ப எடுத்தா, அந்தாளு ரெண்டு தட்டு வெச்சுட்டு ஒருத்தரா சாப்பிடறான். மொத தடவ படிச்சப்ப அந்த ரெண்டாவது தட்ட நான் 'க்ளூ'ன்னு குறிச்சு வெச்சிருந்தேன்! பென்சில் கோடு இன்னும் இருக்குது.

லேபிள் ஒட்டறதொண்ணும் புதுசில்ல. நம்ம தகடூர் அதியமான் செத்தப்ப ஔவையார் பாடினது, புறநானூறு 235. கொஞ்சமா கள்ளு கெடைச்சா எங்களுக்கே குடுத்துருவான். நரந்தம் மணக்கற கையால புலால் நாத்தம் அடிக்கிற என் தலையத் தடவிக் குடுப்பான். இப்படியே போகும். அதுக்குக் கீழ, திணை: பொதுவியல், துறை: கையறுநிலை. பள்ளிக்கூடத்துல அந்தக் கடைசி வரிய மட்டும் மனப்பாடம் பண்ணி மார்க்கு வாங்கினவன் நான்.

ஆனா பாருங்க, அது கீழ இருக்குது. பாட்டு முடிஞ்சப்பறம். கையறுநிலைன்னா செய்யறதுக்கு ஒண்ணுமில்லாம நிக்கிற நிலைன்னு சொல்லுவாங்க. தலை தடவின கை போயிருச்சுன்னு படிச்சுட்டு வந்து அந்த வார்த்தையப் பாத்தா, எனக்கு அதுல 'கை'தான் கேக்குது. இதையே தலைப்பா மேல போட்டிருந்தா, 'ஓ, ஒப்பாரி'ன்னு தாண்டிப் போயிருப்பேன்.

நாவல்காரங்களும் கடைசிப் பக்கத்துல போட்டாங்கன்னா... சரி, யாரு போடுவாங்க, விக்கணுமே.

திரை புடிச்சுட்டாங்க, கட்டியக்காரன் வர்றான். தம்பி, பாட்டிய எழுப்பாத, இன்னும் சண்டை வரல.