2-இன் வர்க்கமூலம் 1.5-ஆ? சி மொழியில் ஏபிஎஸ் வைக்கும் ஆப்பு

(திரையில் டெர்மினல். விடை: 1.500000)

2-க்கு வர்க்கமூலம் 1.41421. ஆனா இந்த சி ப்ரோகிராம் 1.5-ங்குது! எரர் இல்ல, ஃபார்முலாவும் சரி. ஆப்பு வச்சது ஏபிஎஸ் (abs), அதாவது எண்ணோட மைனஸ் குறியை நீக்கித் தர்ற ஃபங்ஷன்.

பின்னணி ஒரே வரிதான்: சி-யில ஏபிஎஸ் வாங்கறதும் இன்ட் (முழு எண்), தர்றதும் இன்ட்.

இப்ப லூப்பை மெதுவா ஓட்டுவோம். நியூட்டன்-ராப்சன் முறை, அதாவது ஒரு ஊகத்துல ஆரம்பிச்சு சுத்துக்குச் சுத்து விடையை நெருங்கறது. ஆரம்ப மதிப்பு 1. 1-ஐயும் 2/1-ஐயும் கூட்டிப் பாதியாக்கினா 1.5. பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் 0.5. அது டபுள், அதாவது புள்ளி வச்ச எண். ஏபிஎஸ் வாசல்லயே புள்ளிக்குப் பின்னாடி இருக்கறதை வெட்டிட்டு 0-ஆ உள்ள விடுது. ரவுண்டிங் இல்லைங்க, 0.99 வந்தாலும் 0 தான். "வித்தியாசம் 0.00001-ஐ விடப் பெருசா?" இல்ல. லூப் குளோஸ்!

(திரையில் திருத்திய வரி)

ஏபிஎஸ்-ஐ டபுளுக்கான எஃப்ஏபிஎஸ் (fabs) ஆக்குங்க, மேத் ஹெடரைச் சேருங்க. 1.5, 1.416667, 1.414216, 1.414214. நாலாவது சுத்துல சமத்தா நிக்குது. ஒத்தை எழுத்துக்கு இவ்வளவு அலப்பறை!

மத்த எண் டைப்களுக்கும் தனித்தனி ஃபங்ஷன் இருக்கு: ஃப்ளோட்டுக்கு எஃப்ஏபிஎஸ்எஃப், லாங்குக்கு எல்ஏபிஎஸ், லாங் லாங்குக்கு எல்எல்ஏபிஎஸ். 64 பிட் விண்டோஸ்ல லாங் 32 பிட்தான், அதனால பெரிய எண்ணுக்கு எல்எல்ஏபிஎஸ்-ஏ போடுங்க.

இன்ட்டே கொடுத்தாலும் ஒரு எண் மாட்டும்: மைனஸ் 2147483648. 32 பிட் இன்ட்டோட உச்சம் 2147483647. ப்ளஸ் ஆக்கினா வைக்க இடமில்ல. இதுக்கு என்ன விடைன்னு சி ஸ்டாண்டர்ட் எந்த உத்தரவாதமும் தரல. பெரும்பாலும் அதே மைனஸ் எண்ணே திரும்பி வரும். ஹேஷ் மதிப்பை (டேட்டாவுல இருந்து கணக்குப் போட்டு எடுத்த எண்ணை) ஏபிஎஸ் பண்ணி அர்ரே இன்டெக்ஸ் எடுக்கறவங்க உஷார், இன்டெக்ஸ் மைனஸ்ல போயிடும். முதல்ல லாங் லாங் டைப்பா மாத்தி (காஸ்ட் பண்ணி) எல்எல்ஏபிஎஸ் போட்டா தப்பிச்சீங்க.

ஏபிஎஸ்-க்கு டபுளைக் கொடுக்கற தப்பை கிளாங் கம்பைலர் தானாவே வார்னிங்ல சொல்லிடும். ஜிசிசி கம்பைலர்ல டபிள்யூ-ஆல் (-Wall) வார்னிங் ஆப்ஷன் போதாது, டபிள்யூ-எக்ஸ்ட்ராவும் (-Wextra) கொடுக்கணும். காலேஜ் லேப்ல இதைக் கட்டாயம் ஆக்கணும்னுதான் நான் சொல்வேன்.

ஆர்டுயினோ ஊனோங்கற குட்டி மைக்ரோகன்ட்ரோலர் போர்டுல பழகினவங்களுக்கு இந்தத் தப்பு ரொம்ப சுலபமா வரும். அங்க ஏபிஎஸ் ஒரு மேக்ரோ, அதாவது கொடுத்ததை அப்படியே எழுத்தா ஒட்டற சுருக்கம், டைப்பே பார்க்காது, மைனஸ் 0.5 கொடுத்தா 0.5 தரும். ஆனா மேக்ரோவுக்கு வேற வியாதி: எக்ஸ் 5-ன்னு வச்சு, எக்ஸ் ப்ளஸ் ப்ளஸ்-ஐ (எக்ஸ்ல ஒண்ணு கூட்டறது) உள்ள அனுப்பினா 6 வருது! மேக்ரோ, எக்ஸ் 0-வை விடப் பெருசான்னு முதல்ல பார்க்கும், அப்புறம் எக்ஸையோ மைனஸ் எக்ஸையோ, ரெண்டுல ஒண்ணை மட்டும் எடுக்கும். இதுல நிஜமா ஓடற இடத்துல மட்டும் ஒரு ப்ளஸ் ப்ளஸ் நடக்கும். அப்ப கடைசியில எக்ஸ் எவ்வளவு? கம்பைல் பண்ணாம கமென்ட்ல போடுங்க பார்ப்போம்.