பிடி இல்லாத உளிகள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

உளியும் இழைப்புளியும் பிடித்துப் பழகிய கைகள் பல இந்த அரங்கில் இருப்பதால், ரிச்சர்ட் பிரென்னகி என்ற அமெரிக்கத் தச்சரைப் பற்றிய என் பேச்சை, அவர் கொண்டுபோன கருவிகளிலிருந்தே தொடங்குகிறேன். அலாஸ்காவின் இரட்டை ஏரிகள் என்னும் இடத்தில் வீடு கட்டப் போனபோது, தம் கருவிகள் பலவற்றின் இரும்புப் பகுதியை மட்டுமே அவர் எடுத்துச் சென்றார்; பிடிகளை அங்கே கிடைத்த மரத்திலேயே செதுக்கிப் பொருத்திக்கொண்டார். சாலையே இல்லாத, சிறு விமானத்தில் சென்று இறங்க வேண்டிய இடத்துக்குப் பிடியையும் சுமப்பானேன் என்பது அவர் கணக்கு.

1916இல் அயோவா மாநிலத்தில் பிறந்த அவர், இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் நடத்திய பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு மறுநாளே கடற்படையில் சேர்ந்து, தச்சராகப் பணியாற்றினார். வாதக் காய்ச்சல் அவரைப் பல மாதங்கள் மருத்துவமனையில் கிடத்தியது. 1945இல் பணியிலிருந்து விடுபட்ட பின் டீசல் இயந்திரப் பழுதுபார்ப்பைக் கற்றார். 1950இல் அலாஸ்காவுக்குப் போய், கோடியாக் கடற்படைத் தளத்தில் வேலை செய்தார், சால்மன் மீனும் பிடித்தார். இவை எல்லாம் பிழைப்பு. மனம் மட்டும் மலைகளில் இருந்தது.

1967 கோடையில் இரட்டை ஏரிகளுக்குப் போய், ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரங்களை வெட்டி, பட்டை உரித்து, உலர வைத்துவிட்டுத் திரும்பினார். 1968 மே 21 அன்று, 52 வயதில், மீண்டும் வந்து இறங்கினார். நண்பர் ஒருவரின் குடிலில் தங்கிக்கொண்டு, 11 அடி அகலமும் 15 அடி நீளமும் உள்ள ஒற்றை அறை வீட்டைக் கைக்கருவிகளால் மட்டுமே எழுப்பினார். உருட்டு மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது, கீழ்மரத்தின் வளைவை மேல்மரத்தில் அப்படியே வரைந்து, அந்தக் கோட்டின்படி குடைந்து உட்கார வைக்க வேண்டும். கோடு நூலிழை பிசகினாலும் மூலையில் குளிர்காற்று புகுந்துவிடும். குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 40க்கும் இறங்கும் ஊர் அது (செல்சியசா பாரன்ஹீட்டா என்று கேட்க வேண்டாம், அந்தப் புள்ளியில் இரண்டும் ஒன்றுதான்). மேலும் கீழும் தனித்தனியாகத் திறக்கும் கதவைச் செய்து, கீலையும் தாழையும்கூட மரத்திலேயே கடைந்தார். கூரைமேல் பாசியைப் பரப்பினார். ஆனால் அதற்கடியில் தார்க்காகிதமும் பாலித்தீன் விரிப்பும் இருந்தன. காட்டில் வாழ்ந்தவர்களைத் துறவிகளாகவே பார்க்க விரும்பும் நமக்கு இது கொஞ்சம் உறுத்தலாம். எனக்கோ இதனால்தான் அவர்மேல் மதிப்பு கூடுகிறது: ஒழுகாத கூரை வேண்டும் என்பது தச்சனின் புத்தி. காலியான எரிபொருள் டின்களையும் அவர் எறியவில்லை. வெட்டி மடக்கிப் பாத்திரங்களாக்கினார்.

இந்த வேலைகளையெல்லாம் அவரே படமும் பிடித்தார். கேமராவைத் தாங்கியில் நிறுத்திவிட்டு, பனியில் தாம் நடந்து தொலைவில் மறையும் காட்சியை எடுத்தவர், அந்தக் கேமராவை எடுக்க அவ்வளவு தூரமும் திரும்பி நடந்திருக்க வேண்டுமே!

ஓராண்டு தங்கிப் பார்க்கலாம் என்று போனவர், இடையிடையே உறவினரைப் பார்க்க வந்து சென்றாலும், ஏறத்தாழ 30 ஆண்டுகளை அங்கேயே கழித்தார். வானிலையையும், ஏரி உறைவதையும் உருகுவதையும், கரடி, காரிபு என்னும் பனிப்பகுதி மான், மலையாடு ஆகியவற்றின் நடமாட்டத்தையும் குறிப்பேடுகளில் எழுதிவந்தார். வேட்டைக்கு வந்தவர்கள் விட்டுப்போன குப்பைகளைப் பொறுக்கிச் சுத்தம் செய்தார். அந்தப் பகுதி 1980இல் லேக் கிளார்க் தேசியப் பூங்காவின் பகுதியான பின்னும் அவர் அங்கிருந்து போகவில்லை. எண்பதைக் கடந்து, குளிர் தாங்க முடியாமல் போனபோதுதான் கலிபோர்னியாவிலிருந்த தம்பியிடம் சென்றார். 2003 ஏப்ரல் 20 அன்று, 86 வயதில் மறைந்தார்.

வீட்டைப் பூங்கா நிர்வாகத்துக்கே கொடுத்துவிட்டார். 2007இல் அது அமெரிக்காவின் வரலாற்றுச் சின்னங்களின் தேசியப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. இன்றும் ஏரியில் இறங்கும் விமானத்தில் மக்கள் போய் அதைப் பார்த்து வருகிறார்கள். எனக்கு அந்தப் பயணம் வாய்த்தால், ஏரியையும் மலையையும் பிறகு பார்த்துக்கொள்வேன். முதலில் அந்த மரக்கீலைத்தான் தொட்டுப் பார்ப்பேன்.