வக்கீலை மிரட்டத் துப்பாக்கி தேவையில்லை

நேயர்களுக்கு வணக்கம். 1989 ஜனவரியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இளநிலை அமைச்சர் ஒருவர் எழுந்து, வட அயர்லாந்தில் சில வக்கீல்கள், பிரிட்டிஷ் ஆட்சியை ஆயுதம் ஏந்தி எதிர்த்த ஐ.ஆர்.ஏ. இயக்கத்துக்கு அளவுக்கு மீறிப் பரிவு காட்டுகிறார்கள் என்று பேசினார். பெயர் எதுவும் சொல்லவில்லை. நான்கு வாரம்கூட ஆகவில்லை, பெல்ஃபாஸ்டில் பேட் ஃபினுகேன் என்ற வக்கீல், மனைவியும் மூன்று பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்க, சொந்த வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டது பிரிட்டனை ஆதரித்த ஒரு ஆயுதக் குழுதான், ஆனால் அதற்கு அரசின் ஆட்களும் உடந்தை என்று 2012-இல் பிரதமர் கேமரூனே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். ஐ.ஆர்.ஏ.காரர்களுக்காக ஃபினுகேன் வாதாடியது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பிரிட்டனை ஆதரித்த எதிர்த்தரப்பு ஆட்களுக்காகவும் அவர் வாதாடியதை யார் கண்டுகொண்டார்கள்?

அடுத்த ஆண்டே ஹவானாவில் கூடிய ஐ.நா. மாநாடு வக்கீல்களின் பணி பற்றிய அடிப்படைக் கோட்பாடுகளை ஏற்றது. அதில் 18-ஆவது கோட்பாடு, கட்சிக்காரரையும் அவர் வக்கீலையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது என்கிறது. சரி, எழுதிவைத்தாயிற்று. ஆனால் அது ஒப்பந்தம் இல்லை, மீறுகிற அரசை ஒன்றும் செய்ய முடியாது.

கொலை வரைக்கும் போவது குறைவுதான். உரிமத்தில் கை வைத்தாலே போதும். சீனாவில் 2015 ஜூலை 9-இல் தொடங்கிய வேட்டையில் 300-க்கும் மேற்பட்ட வக்கீல்களும் செயல்பாட்டாளர்களும் பிடித்து விசாரிக்கப்பட்டார்கள், அப்புறம் பலருடைய உரிமமும் போயிற்று.

வருமானத்தில் கை வைப்பது இன்னொரு வழி. அமெரிக்காவில் 2025-இல் அதிபர் டிரம்ப், தனக்குப் பிடிக்காத வழக்குகளை நடத்திய, பிடிக்காத ஆட்களை வேலைக்கு வைத்திருந்த சட்ட நிறுவனங்கள் மேல் உத்தரவு போட்டார்: அரசுக் கட்டடங்களுக்குள் நுழையக் கட்டுப்பாடு, அவர்களை வக்கீலாக வைத்திருக்கும் கம்பெனிகளின் அரசு கான்ட்ராக்டுக்கும் ஆபத்து. நான்கு நிறுவனங்கள் வழக்குப் போட்டு மாவட்ட நீதிமன்றங்களில் ஜெயித்தன. ஒன்பது நிறுவனங்கள் கோடிக்கணக்கான டாலர் மதிப்புள்ள சட்டப் பணியை இலவசமாகச் செய்து தருவதாகச் சொல்லி சமரசமாகப் போய்விட்டன. எனக்கு இந்த ஒன்பதைப் பற்றித்தான் கவலை, ஏனென்றால் நாளைக்கு அரசை எதிர்த்து வழக்குப் போட ஒருவர் வந்து நிற்கும்போது "இப்போது கையில் வேலை அதிகம்" என்று சொல்லி அனுப்பிவிட்டால், அதற்குக் காரணம் பயம்தான் என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

அதற்காக வக்கீலை யாரும் கேள்வியே கேட்கக் கூடாதா? கட்சிக்காரர் பணத்தைச் சுருட்டியவரும் சாட்சியை விலைக்கு வாங்கியவரும் தண்டனை அனுபவிக்கத்தான் வேண்டும். வக்கீல் சங்கங்கள் தங்கள் ஆளைக் காப்பாற்றப் பார்க்கும் என்பதும் உண்மைதான். ஆனாலும் அரசை எதிர்த்து வாதாடுகிறவரை அதே அரசின் அமைச்சகம் விசாரித்துத் தண்டிப்பது எந்த வகையில் நியாயம்? ஒழுங்கு நடவடிக்கை சுதந்திரமான அமைப்பிடமோ நீதிமன்றத்திடமோதான் இருக்க வேண்டும்.

2025 மே மாதம், மனித உரிமைக்கான ஐரோப்பிய நாடுகளின் அமைப்பான ஐரோப்பியக் கவுன்சில் கையெழுத்துக்கு வைத்த உடன்படிக்கைதான் வக்கீல் தொழிலைப் பாதுகாக்க நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் முதல் சர்வதேச ஒப்பந்தம். ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள நாடுகளும் சேரலாம். 8 நாடுகள் உறுதிசெய்தால்தான் அது நடைமுறைக்கு வரும், கையெழுத்து மட்டும் போதாது. எப்போது உறுதிசெய்யப் போகிறீர்கள் என்று விடாமல் நச்சரிக்க வேண்டிய வேலை அந்தந்த நாட்டு வக்கீல் சங்கங்களுடையது.