நன்றி சொல்லத் தோன்றுவது இரு சக்கரத்தில்தான்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"நன்றியுணர்வை அதிகம் கற்றுத் தருவது இரு சக்கரப் பயணமா, நான்கு சக்கரப் பயணமா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி, "காரில் மழை நனைக்காது, வெயில் சுடாது, குடும்பமே சேர்ந்து போகலாம். நன்றி அங்கேதானே வரும்?" என்று கேட்டார். சௌகரியம் அவர் பக்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடுவர் அவர்களே, நம் உயிர் பிறர் கையில் இருக்கிறது என்று உறைக்கும்போதுதானே நன்றி பிறக்கும்?

பைக்கின் ஒவ்வொரு டயரும் தரையைத் தொடுகிற இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு. அதை நம்பித்தான் அத்தனை வேகமும். வளைவில் கொஞ்சம் மணல் சிதறிக் கிடந்தால் போதும், முன்சக்கரம் வழுக்கிவிடும். யாரோ கூட்டிவிட்ட சாலையும் யாரோ மூடிய பள்ளமும் காரில் போகிறவர் கண்ணில் படுமா? எங்களுக்குப் படும்.

குடும்பம் என்றாரே தோழி! பைக் வளைவில் சாயும்போது பின்னால் இருப்பவரும் கூடவே சாய வேண்டும். பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால் வண்டி தடுமாறும். நம்மை நம்பி ஒருவர் சாய்கிறாரே, அந்த நம்பிக்கைக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

இந்த ஹெல்மெட்டைப் பாருங்கள். உள்துணியை விலக்கினால் தெர்மோகோல் வகை நுரை தெரியும். அடி விழுந்தால் இது நசுங்கி, மண்டைக்குப் போகும் விசையைத் தான் வாங்கிக்கொள்ளும். நசுங்கியது மறுபடி நிமிராது. அதனால்தான் பலத்த அடி வாங்கிய ஹெல்மெட்டை, வெளியே கீறலே இல்லாவிட்டாலும், மாற்றச் சொல்கிறார்கள்.

1935 மே மாதம், 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று உலகம் அறிந்த முன்னாள் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டி.இ. லாரன்ஸ் இங்கிலாந்தில் பைக்கில் வந்துகொண்டிருந்தார். சைக்கிளில் போன இரண்டு சிறுவர்கள்மேல் மோதாமல் ஒதுங்கப் போய்த் தூக்கி எறியப்பட்டார். ஹெல்மெட் இல்லை. ஆறாம் நாள் இறந்துபோனார். அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஒருவர் மூளை அறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸ். அந்த மரணத்தை அவர் மறக்கவில்லை. போர்க்காலத்தில் பைக் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, ஹெல்மெட்டின் அவசியத்தை 1941-இல் மருத்துவ இதழில் எழுதினார். தன்னால் காப்பாற்ற முடியாத ஓர் உயிருக்காக இத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறார், ஐயா! தாடைக்குக் கீழே வாரை மாட்டும்போதெல்லாம் அந்த மனிதரை நினைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று சொல்லி அமர்கிறேன். இரவு நேரம், எதிரே லாரி, ஹை பீம். ஹெல்மெட்டின் முன்கண்ணாடியான வைசரில் மெல்லிய கீறல் இருந்தாலும் வெளிச்சம் சிதறிச் சாலையே மறைந்துவிடும். அந்த நேரத்தில் லாரிக்காரர் விளக்கைத் தாழ்த்துகிறார். அவர் முகம்கூட எனக்குத் தெரியாது. "நல்லா இருப்பா!" என்று ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் பதில் சொல்லட்டும்: காருக்குள் உட்கார்ந்து, விளக்கைத் தாழ்த்திய எந்த ஓட்டுநரையாவது அவர் வாழ்த்தியிருக்கிறாரா?