சிவப்பைச் சொல்லாத கவிதைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜப்பானில் இலையுதிர் காலம் வந்தால் வானிலைச் செய்தியோடு இன்னொரு வரைபடமும் வரும். எந்த ஊரில் மேப்பிள் இலை சிவந்துவிட்டது, எங்கே இன்னும் பச்சையாக நிற்கிறது என்று அது காட்டும். வடக்கே ஹொக்கைடோ மலைகளில் செப்டம்பரிலேயே தொடங்கிவிடும் இந்தச் சிவப்பு, மெல்ல மெல்லத் தெற்கே இறங்கி, நவம்பர் கடைசியில் கியோத்தோவுக்கு வந்து சேரும். வசந்தத்தில் செர்ரிப் பூ தெற்கிலிருந்து வடக்கே ஏறும். இது அதற்கு நேர் எதிர். அந்நாட்டு வானிலைத் துறை சில மேப்பிள் மரங்களை இதற்கென்றே குறித்து வைத்து, அவை நிறம் மாறும் தேதியை 1953 முதல் பதிவு செய்துவருகிறது.

இலை ஏன் சிவக்கிறது? இரவுக் குளிர் 8 டிகிரிக்குக் கீழே போகத் தொடங்கியதும் இலையின் பச்சையம் சிதைகிறது. அடியில் ஏற்கெனவே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல, இலையில் தங்கிவிட்ட சர்க்கரையிலிருந்து, விழப்போகிற நேரத்தில் புதிதாக உண்டாவது. பகலில் நல்ல வெயிலும் இரவில் நல்ல குளிரும் சேர்ந்தால் நிறம் தூக்கலாக இருக்கும்.

இவ்வளவு கொண்டாடுகிற ஊரில் கவிஞர்கள் அந்தச் சிவப்பைப் பாடித் தள்ளியிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? பாடியும் இருக்கிறார்கள். ஆனால் என் மனத்தில் நிற்கிற கவிதைகளில் நிறம் என்ற பேச்சே இல்லை. இதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்தேன்.

ரியோகான் என்று ஒரு துறவி. இன்றைய நீகாதா பகுதியில், குகாமி மலையில் ஒரு சின்னக் குடிசையில் நெடுங்காலம் இருந்தவர். 1831இல் இறந்தார். கடைசி நாட்களில் அவர் சொன்ன கவிதை இது:

முதுகைக் காட்டி
முகத்தைக் காட்டி
உதிர்கிறது மேப்பிள் இலை.

பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட தெய்ஷின் என்ற பிக்குணிதான் இதைக் குறித்து வைத்தார். இது ரியோகான் தாமே இயற்றியதல்ல என்றும் ஒளிக்காமல் எழுதிவிட்டார். யார் எழுதியதாக இருந்தால் என்ன, அந்த நேரத்தில் அவர் வாயில் வந்தது இதுதான். இதில் சிவப்பு இல்லை, அழகு இல்லை, மரணம் என்ற சொல்கூட இல்லை. சுழன்று விழுகிற இலை எந்தப் பக்கத்தையும் மறைத்துக்கொள்ள முடியாது. அவ்வளவுதான். சாகப் போகிற மனிதன் தன் நல்லது கெட்டது இரண்டையும் திறந்து வைத்துவிட்டான் என்று நான் விளக்கம் சொன்னால், கவிதை உடனே கொஞ்சம் இளைத்துப் போகிறது பாருங்கள்.

அவர் சொன்னதாக இன்னொன்றும் உண்டு. நாகவோக்கா பிரபு நேரில் வந்து, தம் ஊருக்கு வந்து தங்கும்படி அழைத்தாராம். ரியோகான் எழுதிக் கொடுத்த பதில்:

அடுப்பெரிக்கும் அளவுக்குக்
காற்றே கொண்டுவந்து தருகிறது
உதிர்ந்த இலைகளை.

பிரபு அதற்கு மேல் வற்புறுத்தவில்லை என்பார்கள். இலை இங்கே வெறும் விறகு. எனக்கு இரண்டில் இதுதான் ஒரு படி மேல்.

அப்புறம் பூசோன். 1716இல் பிறந்தவர், ஹைக்கூவின் பேராசான் பாஷோவுக்கு அடுத்த தலைமுறைகளின் பெருங்கவி.

மேல்காற்று அடித்தால்
கிழக்கே சேர்கின்றன
சருகுகள்.

இதை எழுத ஒரு கவிஞன் வேண்டுமா, வாசல் பெருக்குகிறவர் சொல்ல மாட்டாரா என்று தோன்றும். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: பூசோன் ஓவியத்தாலேயே பிழைத்தவர். நிறத்தில் கைதேர்ந்த அந்த மனிதர் இங்கே நிறத்தை விட்டுவிட்டு, காற்றையும் திசையையும் மட்டும் எடுத்துக்கொண்டார்.

இவர்களுக்கெல்லாம் பல நூற்றாண்டு முந்திய ஐந்தடிப் பாட்டு ஒன்று சருமாரு என்ற பழங்கவிஞர் பெயரில் இருக்கிறது. ஆழ்ந்த மலைக்குள் உதிர்ந்த இலைகளை மிதித்துக்கொண்டு மான் கத்துகிறது. அந்தக் குரலைக் கேட்கும்போதுதான் இலையுதிர் காலம் துயரமாகிறது என்கிறது. இலை காலுக்கடியில் போய்விட்டது, கவிதை காதில் நிற்கிறது. எதிர்த்தரப்புக்கும் ஆள் உண்டு. தத்சுதா ஆற்று நீரே செஞ்சாயம் தோய்த்ததுபோல ஓடுகிறது என்று வியந்தவர் நரிஹிரா என்ற பழங்கவிஞர். ஆனால் அவர் பார்த்தது ஆற்றை அல்ல, அரண்மனையின் மடிப்புத் தட்டியில் தீட்டியிருந்த ஆற்றை! பழைய தொகுப்பில் பாட்டின் தலைப்புக் குறிப்பே அப்படித்தான் சொல்கிறது. கரையில் நின்றிருந்தால் அவருக்கும் வேறு ஏதாவது கண்ணில் பட்டிருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஹைக்கூவில் நிறத்தை விட்டுவிடுவதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு கவிதையிலும் பருவத்தைக் காட்டும் சொல் ஒன்று வர வேண்டும் என்பது மரபு. மோமிஜி, அதாவது மேப்பிள் இலை, என்று சொன்னவுடனே கேட்கிறவர் மனத்தில் சிவப்பு வந்துவிடும். இருப்பதோ 17 ஒலிகள். வந்துவிட்டதையே மறுபடி சொல்ல யாருக்கு இடமிருக்கிறது? இன்னொரு வேடிக்கை: மரத்தில் சிவந்திருக்கும் இலை இலையுதிர் காலச் சொல், கீழே விழுந்துவிட்டால் அது குளிர்காலச் சொல். அந்தக் கணக்கில், அடுப்புக் கவிதையும் பூசோனுடையதும் குளிர்காலக் கவிதைகள்.

இந்தக் குறும்பாட்டைப் பற்றித் தமிழில் பாரதியார் 1916லேயே சுதேசமித்திரனில் எழுதிவிட்டார். அதன் சொற்சுருக்கத்தை ரசித்தவர், கவிதை ஒரேயடியாகச் சுருங்கிப் போவதும் நல்லதல்ல, ஜப்பானிலும் எல்லாப் பாட்டும் இப்படியல்ல என்று அதிலேயே சொல்லிவைத்தார்.

மேப்பிள் இலை நம் ஊரில் இல்லை. அதைப் பார்க்காமலே தமிழ் ஹைக்கூவில் உதிர்ப்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒட்டவில்லை. நம் தெருவில் நாட்டு வாதுமை நிற்கிறதே! பனி முடிந்து வெயில் ஏறும் சமயத்தில் அதன் இலையும் நன்றாகவே சிவக்கும். கை அகலத்துக்கு மேல் இருக்கும், தடித்த இலை. மேப்பிள் மாதிரி சுழலாது. தகரக் கூரையில் சத்தத்தோடு விழும். எழுத உட்காருகிறவர்கள் அந்தச் சத்தத்திலிருந்து தொடங்கிப் பார்க்கலாம்.

நன்றி, வணக்கம்.