பங்கில்லாதவர்களின் பங்கு

அவையோருக்கு வணக்கம்.

கானான் நாடு இஸ்ரயேல் கோத்திரங்களுக்குப் பங்கிடப்பட்டபோது லேவி கோத்திரத்துக்கு மட்டும் தனி நிலப்பகுதி தரப்படவில்லை. ஆண்டவரே அவர்களுடைய சுதந்தரம், அதாவது உரிமைச்சொத்து, என்கிறது விவிலியத்தின் ஐந்தாம் நூலான உபாகமம். உழவையும் மந்தையையும் நம்பி வாழ்ந்த ஒரு சமுதாயத்தில் நிலமில்லாதவன் எதை உண்பான்? இதற்கு மோசேயின் திருச்சட்டம் தந்த விடையும், அந்த விடை நடைமுறையில் பட்ட பாடுமே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

குடியிருப்புக்கு 48 ஊர்களும் அவற்றைச் சூழ்ந்த மேய்ச்சல் நிலமும் ஒதுக்கப்பட்டன. அவற்றுள் 13 ஊர்கள் லேவி கோத்திரத்திலேயே ஆரோன் வழிவந்து, பலி செலுத்தும் பணியைப் பெற்ற ஆசாரியருக்கு உரியவை; மற்ற லேவியர் அவர்களுக்குத் துணைப்பணி செய்தவர்கள். அந்தப் பதின்மூன்றில் ஒன்றான ஆனதோத்தில், ஆசாரியக் குடும்பத்தவரான இறைவாக்கினர் எரேமியா தம் உறவினரின் நிலத்தை 17 சேக்கல் (அக்கால எடை அளவு) வெள்ளிக்கு வாங்கியதை நினைத்தால், நிலமில்லை என்ற விதி ஒரு சாண் மண்ணுக்கும் இடம் தராத விதி அன்று என்பது விளங்கும்.

உணவுக்கு முதல் வழி தசமபாகம். விளைச்சலில் பத்தில் ஒன்றை மக்கள் லேவியருக்குக் கொடுக்க, லேவியர் தாம் பெற்றதில் பத்தில் ஒன்றை ஆசாரியருக்குக் கொடுத்தனர். வாங்குகிறவனும் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்ற இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். ஆசாரியருக்குப் பலிபீடத்திலிருந்தும் பங்கு வந்தது. சமாதான பலியில் விலங்கின் மார்க்கண்டமும் (நெஞ்சுப்பகுதி) வலது தொடையும், முழுவதும் எரிக்கப்படும் சர்வாங்க தகனபலியில் விலங்கின் தோலும், ஆண்டவர் திருமுன் வைக்கப்பட்டு ஓய்வுநாள்தோறும் மாற்றப்பட்ட 12 சமுகத்தப்பங்களும், தலைப்பிள்ளையை மீட்பதற்கான 5 சேக்கலும் அவர்களுக்குரியவை. உபாகமமோ முன்னந்தொடை, தாடைகள், இரைப்பை என்று வேறொரு பட்டியல் தருகிறது. பிற்கால யூத ஆசான்கள் அதை வீட்டு உணவுக்காக அறுக்கப்படும் விலங்குகளுக்கு உரியதாகக் கொண்டு முரணைத் தீர்த்தார்கள். வெவ்வேறு காலத்து வழக்கங்கள் அருகருகே பதிவாகியிருக்கின்றன என்றே எனக்குத் தோன்றுகிறது.

சட்டம் இப்படியிருக்க, அரசர்கள் தோன்றுவதற்கு முந்திய நியாயாதிபதிகள் காலத்துப் பெத்லகேம் லேவியன் ஒருவன் பிழைப்புத் தேடி அலைந்து, மீகா என்பவனின் வீட்டில் ஆண்டுக்கு 10 வெள்ளிக்காசு, ஓர் உடை, சாப்பாடு என்று சம்பளம் பேசிக்கொண்டு பூசாரியாக அமர்ந்தான். தாண் கோத்திரத்தார் அதைவிடப் பெரிய வாய்ப்பைக் காட்டியதும் மகிழ்ச்சியோடு அவர்களுடன் போய்விட்டான். அவனை நாம் எளிதில் இகழலாம். ஆனால் அவனுக்குத் தசமபாகம் யார் கொண்டுவந்து கொடுத்தார்?

பாபிலோனியச் சிறையிருப்பிலிருந்து முதலில் திரும்பியவர்களின் கணக்கை எஸ்றா நூலில் பாருங்கள்: ஆசாரியர் 4,289 பேர், லேவியர் 74 பேர். தசமபாகத்தில் பத்தில் ஒன்பது பங்கைப் பெற வேண்டியவர்கள் ஒரு கைப்பிடி. மீந்த ஒரு பங்கில் வாழ வேண்டியவர்கள் நாலாயிரத்துக்கும் மேல். கீழ்நிலைப் பணிக்குத் திரும்பிவர லேவியர் தயங்கியதன் காரணங்களுள் பிழைப்பைப் பற்றிய ஐயமும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

பின்னர் யூதேயாவின் ஆளுநர் நெகேமியா எருசலேமை விட்டுச் சிறிது காலம் பாரசீக அரசனிடம் சென்றிருந்தபோது, தசமபாகத் தானியத்தை வைக்கும் ஆலய அறையைப் ஆசாரியர் எலியாசிப் தம் உறவினன் தொபியாவுக்குக் குடியிருக்கக் கொடுத்துவிட்டார். பங்கு கிடைக்காத லேவியரும் பாடகரும் தத்தம் வயலுக்கு ஓடிப்போனார்கள். திரும்பிவந்த நெகேமியா தொபியாவின் தட்டுமுட்டுகளை வெளியே எறிந்தார்; ஓர் ஆசாரியர், ஒரு வேதபாரகர் (மறைநூல் அறிஞர்), ஒரு லேவியர், அவர்களுக்குத் துணையாக ஒருவர் என நால்வரிடம் களஞ்சியத்தை ஒப்படைத்தார். ஒரு சாராரிடம் மட்டும் சாவியைக் கொடுக்காத இந்த நிர்வாக அறிவு, கி.பி. 70இல் உரோமையரால் ஆலயம் இடிபடுவதற்கு முந்திய கடைசி ஆண்டுகளில் இல்லாமற்போயிற்று. அப்போது தலைமை ஆசாரியரின் ஏவலாளர்கள் களத்துமேட்டுக்கே சென்று தசமபாகத்தை அடித்துப் பறித்தார்கள் என்றும், அதனால் ஏழை ஆசாரியர் சிலர் பட்டினியால் இறந்தார்கள் என்றும் எழுதியிருக்கிறார் முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ். அவரும் ஆசாரியக் குலத்தில் பிறந்தவரே.